செம்மண் சரளைக்கு எது பொருந்தும்: பல்லைக் குறைப்பதா, வண்டியை உயர்த்துவதா?

ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 பைக் வைத்திருப்பவர்களைக் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. வாங்கிய சில மாதங்களில் பலரும் ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். காட்டுப் பாதைக்கு வண்டியைத் தயார்செய்ய வேண்டும். கையில் இருக்கும் பணத்துக்கு ஏதாவது ஒன்றைத்தான் செய்ய முடியும். முன்னே உயரமான ரேலி ஃபோர்க்கும் பின்னே அதற்கேற்ற ஷாக்கும் கொண்ட கிட்டைப் போடுவதா, செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை மாற்றிக் கியரை இறக்குவதா, இருக்கிற ஸ்ப்ரிங்கைச் சரிசெய்துகொண்டு ஓட்டுவதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டு மண்ணில், சராசரி உயரமும் எடையும் உள்ள ஒருவர், முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லைக் குறைப்பதற்கு முதலில் செலவு செய்யலாம். அடுத்தது அவர் எடைக்கேற்ற ஸ்ப்ரிங். உயரமான கிட் கடைசியில் வரட்டும். பலருக்கு அது வராமலே போனாலும் நட்டமில்லை. காரணம் நம் மண்ணில் இருக்கிறது.

ஆஃப்-ரோடு என்றதும் பலர் மனத்தில் எழுவது லடாக்கும் ஸ்பிதியும்தான். உருளும் பெருங்கற்கள், குறுக்கே பாயும் ஓடைகள், மணிக்கணக்கில் தொடரும் ஏற்றம். நம் பக்கம் அப்படி இல்லை. குன்றக்குடி, திருமயம், பிரான்மலை போன்ற பாறைக் குன்றுகளை ஒதுக்கிவிட்டால், மேடு என்று சொல்லக் கண்மாய்க் கரைதான் உண்டு. நாம் ஓட்டுவது சவுடு லாரியும் டிராக்டரும் ஓடி ஓடி வரிவரியாக எழும்பிப்போன செம்மண் பாதையில். செம்பூரான் கல் உதிர்ந்து கோலிக்குண்டு அளவில் சிதறிக் கிடக்கும் சரளையில். தைலமரக் காட்டுக்குள் வளையும் ஒற்றையடித் தடத்தில். கோடையில் மணிமுத்தாறும் தேனாறும் பாம்பாறும் மணலாகக் கிடக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கண்மாய் உள்வாய் முழுதும் கரம்பைச் சேறு. எங்கே இறங்கினாலும் சீமைக்கருவேல முள்.

இந்த மண் வண்டியிடம் கேட்பது மூன்று. கரை ஏறும்போதும் டிராக்டர் தடத்துக்குள் போகும்போதும் நடை வேகத்தில் அணையாமல் இழுக்க வேண்டும். மணலில் சக்கரம் புதையும்போது என்ஜின் திணறக்கூடாது. வரிப்பள்ளத்தில் விடாமல் வரும் சிறு சிறு அடிகளை வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் இரண்டும் கியர் விகிதம் சம்பந்தப்பட்டவை. மூன்றாவது ஷாக்கின் தரமும் சரியான அமைப்பும் சம்பந்தப்பட்டது. உயரத்துக்கு அதில் பங்கு குறைவு. உயரம் கைகொடுக்கும் இடங்களும் இங்கே உண்டு. கண்மாயின் உபரி நீர் வழியும் கலுங்கின் கல் படியில் இறங்கும்போது, ஆழமான லாரித் தடத்தின் நடுமேட்டில் என்ஜின் அடித்தகடு உரசும்போது அதன் அருமை தெரியும். ஆனால் ஒரு நாள் ஓட்டத்தில் அத்தகைய இடங்கள் சிலவே.

அடுத்து வண்டி. 2019-இல் வந்த எக்ஸ்பல்ஸ் 200-இலும், 2021-இல் வந்த நான்கு வால்வு மாடலிலும் முன் ஃபோர்க் 190 மில்லிமீட்டர் அமுங்கும். பின் ஷாக்கில் சக்கரம் 170 மில்லிமீட்டர் ஏறியிறங்கும். தரைக்கும் அடிப்பகுதிக்கும் இடைவெளி 220 மில்லிமீட்டர். முன்னே 21 அங்குலம், பின்னே 18 அங்குலக் கம்பிச் சக்கரங்கள். இந்த விலையில் இவ்வளவு கிடைப்பதே பெரிது. குறை என்ஜினின் இழுவையில் இருக்கிறது. நான்கு வால்வு மாடலின் உச்ச டார்க் (சுழற்று விசை) 17.35 நியூட்டன் மீட்டர். அதுவும் நிமிடத்துக்கு 6,500 சுற்றில்தான் கிடைக்கிறது. வண்டியின் எடை 160 கிலோவை ஒட்டி வரும். ஆள், தண்ணீர், கருவிப்பை எல்லாம் சேர்ந்தால் 240 கிலோவைத் தாண்டும். கீழ்ச் சுற்றில் இவ்வளவையும் இழுத்துக் கரை ஏற்ற அந்த என்ஜினுக்குக் கியர்தான் துணை. பெரிய என்ஜினில் கியர் விகிதம் சற்றுத் தப்பினாலும் டார்க் ஈடுகட்டிவிடும்; 200 சிசியில் அதற்கு வழி இல்லை.

செலவில்லாத முதல் வேலை

எதை வாங்குவதற்கும் முன்னால் ஓர் அளவை எடுத்துப் பாருங்கள். பின் சக்கரம் தரையில் படாமல் தொங்கும்படி வண்டியை நிறுத்தி, பின் அச்சிலிருந்து நேர் மேலே வால்பகுதியில் ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு சக்கரத்தை இறக்கி, ஹெல்மெட், பூட்ஸ், பை என்று வழக்கமாகப் போடும் அனைத்தோடும் ஏறி உட்காருங்கள். நண்பர் ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அதே இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளக்கட்டும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் எடையில் வண்டி அமுங்கும் அளவு. காட்டுப் பாதைக்கு இது மொத்தத் தூரத்தில் 30 முதல் 33 சதவீதம் இருக்க வேண்டும் என்பது பரவலான கணக்கு. 170 மில்லிமீட்டருக்கு அது 51 முதல் 56 மில்லிமீட்டர்.

அளவு கூடுதலாக இருந்தால் பின் ஷாக்கின் பிரீலோட் வளையத்தை, அதாவது ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அமுக்கி வைப்பது என்று அமைக்கும் வளையத்தை, திருப்பி ஏற்றலாம். இந்த வண்டியில் பத்துப் படிகள் உண்டு. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டறைகளிலேயே இதைத் தவறாகச் சொல்கிறார்கள். பிரீலோட் ஏற்றினால் ஸ்ப்ரிங் கெட்டியாவதில்லை. ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுங்கவும் அது கேட்கும் கூடுதல் பாரம் அதேதான். வண்டியின் பின்புறம் மட்டும் உயர்ந்து நிற்கும்.

அதனால் இன்னோர் அளவும் தேவை. ஆள் ஏறாமல், வண்டி தன் எடையில் மட்டும் எவ்வளவு அமுங்குகிறது என்று பாருங்கள். ஆள் ஏறிய அளவைச் சரியாகக் கொண்டுவர பிரீலோட்டை உச்சத்துக்கு ஏற்ற வேண்டியிருந்து, அதனால் வண்டி தன் எடையில் கொஞ்சமும் அமுங்காமல் விறைத்து நின்றால், ஸ்ப்ரிங் உங்களுக்கு மெலிது. மாறாக, ஆள் ஏறிய அளவு சரியாக இருந்தும், ஆள் இல்லாதபோதே வண்டி அதிகம் அமுங்கி நின்றால், ஸ்ப்ரிங் கெட்டி. இந்த இரண்டு எண்கள் கையில் இருந்தால் ஸ்ப்ரிங் வாங்க வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்விக்கு யாரிடமும் யோசனை கேட்க வேண்டியதில்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கும் 90 கிலோ எடையுள்ளவருக்கும் ஒரே ஷாக் பொருந்தாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இருவரும் ஒரே கிட்டுக்கு ஆசைப்படுகிறார்கள். அந்த 30 கிலோ வித்தியாசத்தைத் தீர்ப்பது ஸ்ப்ரிங். அதன் விலை கிட்டின் விலையில் சிறு பங்குதான்.

டயர் காற்றையும் இதே வேலையாக நினைத்துப் பாருங்கள். சரளையிலும் மணலிலும் காற்றைச் சற்றுக் குறைத்தால் டயரே முதல் ஷாக்காக வேலை செய்யும். நம் ஊரில் அதற்கு எல்லை உண்டு. இந்தச் சக்கரங்களில் டியூப் இருக்கிறது. காற்று மிகக் குறைந்தால் செம்பூரான் கல்லின் விளிம்பில் அடிபடும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் டியூப் நசுங்கிக் கிழியும். கருவேல முள்ளுக்குத் தடிமனான டியூப் போடுவது தனிச் செலவு. நான் அதைத் தயங்காமல் செய்யச் சொல்வேன்.

முன் ஃபோர்க்: எண்ணெயா, ஸ்ப்ரிங்கா?

முன் ஃபோர்க்கில் மூன்று வழிகள் பேசப்படுகின்றன. அவற்றில் ஒன்றைத் தவிர்த்துவிடச் சொல்வேன்.

தவிர்க்க வேண்டியது கெட்டி எண்ணெய். "ஃபோர்க் தடால் என்று அடிவரை போகிறது, எண்ணெயைக் கெட்டியாக்குங்கள்" என்று சொல்பவர்கள் அதிகம். செலவும் குறைவு. ஆனால் இந்த வகைச் சாதாரண டெலஸ்கோபிக் ஃபோர்க்கில் எண்ணெய் குறிப்பிட்ட அளவுள்ள ஓட்டைகள் வழியாகப் பிதுங்கித்தான் எதிர்ப்பைத் தருகிறது. ஓட்டையின் அளவு மாறாது. அமுங்கும் வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். மெதுவான பள்ளத்தில் குறைந்த எதிர்ப்பையே தரும் ஃபோர்க், கூர்மையான கல்லில் சட்டென்று அடிபடும்போது இரும்புத் தடியாக விறைத்துவிடுகிறது. எண்ணெயைக் கெட்டியாக்கினால் இந்த விறைப்பு இன்னும் கூடுகிறது. நம் வரிப்பள்ளத்தில் வருவது முழுக்க இந்தச் சட்டென்ற அடிதான். திரும்பி வரும் அசைவும் மந்தமாகி, ஃபோர்க் முழுதாக நீள்வதற்குள் அடுத்த வரி வந்துவிடும். வரிக்கு வரி ஃபோர்க் குறுகிக்கொண்டே போகும். கொஞ்ச தூரத்தில் மணிக்கட்டு வலிக்கத் தொடங்கும்.

எண்ணெயின் மட்டத்தை உயர்த்துவது வேறு விஷயம். ஃபோர்க்குக்குள் எண்ணெய்க்கு மேல் இருக்கும் காற்று, அமுங்கும்போது இரண்டாவது ஸ்ப்ரிங்காக வேலை செய்கிறது. காற்றின் இடத்தைக் குறைத்தால் தொடக்க அசைவு பெரிதும் மாறாது. கடைசிக் கட்டத்தில் மட்டும் எதிர்ப்பு வேகமாக ஏறும். கலுங்குப் படியில் இறங்கும்போது அடிவரை மோதுவது இதனால் குறையும். ஐந்து, பத்து மில்லிமீட்டராக ஏற்றிப் பார்க்க வேண்டும். மிகவும் ஏற்றினால் உள்ளழுத்தம் எண்ணெய் சீல்களைப் பதம் பார்க்கும். நம் செம்மண் தூசு சீல்களுக்கு ஏற்கெனவே எதிரி; ரப்பர் உறை இல்லாத வண்டியில் உறையைப் போட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது, எடைக்கேற்ற ஸ்ப்ரிங். பின்புறம் செய்த அளவையே முன்னாலும் எடுங்கள். 190 மில்லிமீட்டரில் 25 முதல் 30 சதவீதம், அதாவது 48 முதல் 57 மில்லிமீட்டர் அமுங்கினால் போதும். சற்று அதிகம் என்றால் லேத் பட்டறையில் ஒரு சிறு துண்டைக் கடைந்து ஸ்ப்ரிங்கின் மேல் வைத்துப் பிரீலோட் ஏற்றலாம். காரைக்குடியில் இதைச் சுத்தமாகச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். துண்டின் நீளத்தைக் கண்ணளவில் முடிவு செய்யாதீர்கள். முழுதாக அமுங்கும்போது ஸ்ப்ரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இடம் இருக்க வேண்டும். மிக அதிகம் அமுங்கினால் துண்டு உதவாது. ஸ்ப்ரிங்கையே மாற்ற வேண்டும்.

உயரமான கிட்

இதற்கு இருக்கும் ஈர்ப்பு எனக்குப் புரிகிறது. தொழிற்சாலையிலிருந்தே வந்த உயரமான மாடல் ஒன்று 2023 முதல் இருக்கிறது: எக்ஸ்பல்ஸ் 200 4வி ப்ரோ. அதில் முன்னே 250, பின்னே 220 மில்லிமீட்டர் அசைவு, தரை இடைவெளி 270 மில்லிமீட்டர். ரேலி கிட்டும் ஏறக்குறைய இதே அளவுகளைத்தான் தருகிறது. இரண்டிலும் அசைவின் நீளத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அமுங்கும் வேகத்தையும் திரும்பும் வேகத்தையும் தனித்தனியே திருகி அமைத்துக்கொள்ளும் வசதி. வரிப்பள்ளத்தில் உண்மையான பலன் தருவது அந்தத் திருகாணிகள்தான்.

இதற்குக் கொடுக்கும் விலை பணம் மட்டும் அல்ல. இருக்கை 825 மில்லிமீட்டரிலிருந்து 891-க்குப் போய்விடும். ஐந்தரை அடி உயரமுள்ளவர் அந்த வண்டியில் உட்கார்ந்தால் கால் நுனிதான் தரையில் படும். சமதளத்தில் அது பழகிவிடும். கண்மாய்க் கரையில் பழகாது. கரையின் மேல் பாதை குறுகலானது, இரண்டு பக்கமும் சரிவு. ஒரு புறம் அலை அரிக்காமல் பதித்த அலைகல், மறு புறம் வயல். அங்கே வண்டி நின்றுபோய், கால் வைக்கும் பக்கம் தரை ஒரு சாண் கீழே இருந்தால், 160 கிலோவும் அந்தப் பக்கம் சாயும். மெதுவாக, அடிக்கடி நின்று, காலை ஊன்றி ஓட்டும் நிலத்தில் 66 மில்லிமீட்டர் கூடுதல் உயரம் பாதுகாப்பைக் குறைக்கிறது. வேகமாக, நின்ற நிலையில், நிற்காமல் ஓட்டுபவருக்கு அதே உயரம் துணை. இரண்டு பேரும் ஒரே வண்டியைத்தான் வைத்திருக்கிறார்கள். ஓட்டும் முறைதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பின்புறத்தை மட்டும் உயர்த்துவது பற்றியும் கேட்கிறார்கள். நீளமான ஷாக் ஒன்று மலிவாகக் கிடைத்தது, முன்னே பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. இதை நான் உறுதியாக வேண்டாம் என்பேன். பின்புறம் உயர்ந்தால் ஃபோர்க்கின் சாய்வு குறைந்து செங்குத்தாகும். எடை முன்னே சாயும். மணலில் முன் சக்கரம் புதைந்து ஹேண்டில் இடமும் வலமும் வெட்டுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. உயர்த்தினால் இரண்டையும் பொருந்த உயர்த்த வேண்டும். சைடு ஸ்டாண்டு, பிரேக் ஹோஸ், கேபிள்கள் ஆகியவற்றின் நீளமும் அதற்கேற்ப மாற வேண்டும். ஸ்டாண்டை மறந்துவிட்டால் வண்டி மிகவும் சாய்ந்து நிற்கும். இளகிய செம்மண்ணில் அது கீழே விழாமல் இருப்பது அபூர்வம்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் குறித்த, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. ஆகவே கிட் போடுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுவிடுவது முறை. இந்தக் கோணத்தில் பார்த்தால், உயரமான வண்டி தேவை என்று உறுதியாக இருப்பவருக்குப் பழைய வண்டியை விற்றுவிட்டு ப்ரோ மாடலை வாங்குவது கிட் போடுவதைவிட நேரான வழி. பதிவுச் சான்றிதழும் வண்டியும் ஒன்றாக இருக்கும். இருக்கை, ஸ்டாண்டு எல்லாம் பொருந்தியே வரும்.

கியர்: முன் பல்லா, பின் பல்லா?

முதலில் உங்கள் வண்டியின் பற்களை எண்ணுங்கள். மாடலுக்கு மாடல் வேறுபடும். ஸ்ப்ராக்கெட்டின் முகத்திலேயே பெரும்பாலும் எண் பொறித்திருக்கும். கணக்குக்காக முன்னே 13, பின்னே 39 என்று வைத்துக்கொள்கிறேன். 39-ஐ 13 ஆல் வகுத்தால் 3. என்ஜின் பக்க ஸ்ப்ராக்கெட் மூன்று சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் ஒன்று.

முன்னே 12 ஆக்கினால் விகிதம் 3.25. இழுவை 8 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுகிறது. அதே மாற்றத்தைப் பின்புறத்தில் பெற வேண்டுமானால் 39-ஐ 42 ஆக்க வேண்டும். அதாவது முன்னே ஒரு பல், பின்னே மூன்று பல்லுக்குச் சமம். முன்னே 12, பின்னே 40 என்றால் 11 சதவீதம். 12-உம் 42-உம் சேர்ந்தால் 17 சதவீதத்தை நெருங்கும்.

சதவீதம் சாலையில் எப்படித் தெரியும்? முதல் கியரில் கிளட்ச்சைத் தொடாமல் மணிக்கு 10 கிலோமீட்டர் வரை குலுங்காமல் இறங்க முடிந்த வண்டி, 12 பல்லில் 9.2 வரை இறங்கும், 12-42-இல் 8.6 வரை. சிறிய எண்ணாகத் தோன்றலாம். கரை ஏறும்போது கிளட்ச்சை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு போவதற்கும் விட்டுவிட்டுப் போவதற்கும் உள்ள வேறுபாடு இந்த அளவில்தான் இருக்கிறது. மணலில் கிளட்ச்சைத் தேய்த்துத் தேய்த்துச் சூடேற்றி அதன் தகடுகளை எரித்துவிடுவது இந்த வகைச் சிறிய வண்டிகளில் சகஜம். ஸ்ப்ராக்கெட் மாற்றம் கிளட்ச்சுக்கும் ஆயுள் தருகிறது.

நெடுஞ்சாலையில் இதற்கு விலை கொடுக்க வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, 12 பல்லில் என்ஜின் முன்பு 87-இல் சுற்றிய அளவுக்குச் சுற்றும். 12-40-இல் 89, 12-42-இல் 93. காரைக்குடியிலிருந்து திருச்சி சுமார் 90 கிலோமீட்டர்; மதுரையும் கிட்டத்தட்ட அதே தூரம். வாரம் ஒருமுறை அந்தப் பயணம் உள்ளவருக்கு 12 பல்லின் இரைச்சலும் அதிர்வும் தாங்கக்கூடியவை. 12-42 என்றால் சித்திரை வெயிலில் காற்றும் எண்ணெயும் மட்டுமே குளிர்விக்கும் என்ஜினை அந்தச் சுற்றில் ஒன்றரை மணி நேரம் ஓட்ட எனக்கு மனம் வராது. வண்டியை ஊருக்குள்ளும் காட்டிலும் மட்டுமே ஓட்டுபவர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் என்று சுற்றிவிட்டு வீடு திரும்புபவர், தாராளமாக 12-42 போடலாம்.

சரி, 8 சதவீதம் போதும் என்று முடிவாகிவிட்டது. அதை முன்னே குறைத்துப் பெறுவதா, பின்னே கூட்டிப் பெறுவதா?

முன் ஸ்ப்ராக்கெட் மலிவு. மாற்ற அரை மணி நேரம் போதும். பிடிக்கவில்லை என்றால் பழையதை மாட்டிவிடலாம். செயினையும் மாற்ற வேண்டியதில்லை. கண்ணிக்கு அரை அங்குலம் உள்ள செயினில் முன்னே ஒரு பல் குறைந்தால் பின் அச்சைச் சுமார் 3 மில்லிமீட்டர் பின்னே தள்ளினால் போதும். ஆனால் செயின் சிறிய வட்டத்தில் மடங்க வேண்டியிருக்கிறது. 12 பல்லில் ஒவ்வொரு கண்ணியும் 30 பாகை மடங்கி நிமிரும். 13-இல் அது 28-க்கும் குறைவு. மடக்கம் கூடினால் தேய்மானமும் கூடும். செயினின் மேல்பகுதி சற்றுத் தாழ்வதால் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் மேலுள்ள ரப்பர் பட்டையிலும் கூடுதலாக உரசும். அந்தப் பட்டையை மாதம் ஒருமுறையாவது குனிந்து பாருங்கள். அது தேய்ந்து தீர்ந்தால் செயின் இரும்பை அறுக்கத் தொடங்கிவிடும். 11 பல் போடலாமா என்று கேட்பவர்களுக்கு வேண்டாம் என்பதே என் பதில். அங்கே மடக்கம் 33 பாகையை நெருங்கிவிடுகிறது.

பின் ஸ்ப்ராக்கெட் செயினுக்கு இதம். ஓட்டமும் மிருதுவாக இருக்கும். ஆனால் மூன்று பல் கூடும்போது அச்சு ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் முன்னே வர வேண்டும். செயின் புதிதாக இருந்தால் அவ்வளவு இடம் இருக்காது. இரண்டு கண்ணி நீளமான செயின் வாங்க நேரும். ஆகவே என் யோசனை இதுதான்: இப்போது முன்னே 12 போட்டு, விகிதம் உங்களுக்குப் பொருந்துகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். பொருந்தினால், செயின் தேய்ந்து முழு செட்டையும் மாற்றும் காலம் வரும்போது முன்னே 13-க்குத் திரும்பி, பின்னே 42 போட்டு, அதற்கேற்ற நீளத்தில் செயின் வாங்கிக்கொள்ளுங்கள். அலுமினியம் வேண்டாம், எஃகே போதும். செம்மண் தூசு செயின் எண்ணெயோடு குழைந்தால் அரைக்கும் பசையாகிவிடும். அலுமினியப் பற்கள் அதற்கு ஈடுகொடுக்காது.

வேகமானி பற்றிய கவலையும் சிலருக்கு உண்டு. முன் சக்கரத்திலிருந்து அளவெடுக்கும் வண்டியில் ஸ்ப்ராக்கெட் மாற்றம் வேகமானியைத் தொடாது. கியர்ப்பெட்டிப் பக்கம் அளவெடுக்கும் வண்டியில், மாற்றிய சதவீதத்துக்கு ஏற்ப வேகமும் கிலோமீட்டரும் கூடுதலாகக் காட்டும்.

யாருக்கு எது?

அரிமளம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, நான் ஆறடி உயரம், வாரக் கடைசியில் தைலமரக் காட்டில் வேகமாகத்தான் ஓட்டுகிறேன். எனக்கும் இதே பதில்தானா?" இல்லை. அவருக்கு உயரமான ஷாக்கே சரி. 825 மில்லிமீட்டர் இருக்கையில் அவர் முழங்கால் மடங்கித்தான் உட்கார்கிறார். எழுந்து நின்று ஓட்டும்போது குனிய வேண்டியிருக்கிறது. வேகத்தில் வரும் பள்ளங்களில் 170 மில்லிமீட்டர் தீர்ந்துபோகிறது. அவருக்குச் செலவு முழுவதும் ஷாக்கில் போவது நியாயம். ப்ரோ மாடலுக்கு மாறினால் இன்னும் நல்லது.

பின்னால் ஆள் ஏற்றி, ஊர் வேலைக்கும் அதே வண்டியைப் பயன்படுத்துபவர் பெரும்பான்மை. அவர்களுக்குப் பின் ஸ்ப்ரிங்கும் முன்னே 12 பல்லும் போதும். பின்னால் ஆள் ஏறும் நாளில் பிரீலோட்டை இரண்டு, மூன்று படி ஏற்றி, தனியாக ஓட்டும் நாளில் இறக்கிவிட வேண்டும். உயரமான கிட் இவர்களுக்குத் தொல்லை. வீட்டில் உள்ள பெண்களும் பெரியவர்களும் அந்த இருக்கையில் ஏறிப் பார்த்தால் புரிந்துவிடும்.

திருச்சிக்கோ மதுரைக்கோ தினமும் போகிறவருக்கு வேறு கணக்கு. அவர் கியரைத் தொடவே வேண்டாம். ஷாக்கின் அளவுகளைச் சரிசெய்துகொண்டு, 12 பல் ஸ்ப்ராக்கெட் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருந்து, விடுமுறைக்கு மட்டும் மாட்டிக்கொள்ளலாம். 2025-இல் வந்த, திரவக் குளிர்விப்புள்ள எக்ஸ்பல்ஸ் 210-ஐயும் அவர் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலைச் சுமை அதற்கு இவ்வளவு பாரமாக இராது.

எதைப் போட்டாலும், மழைக்காலத்தில் கண்மாய்க் கரை மேல் ஓட்டாதீர்கள். நனைந்த கரையில் குமிழ் டயர் கிழிக்கும் தடம் நீர் ஓடும் வாய்க்காலாகிறது. கரை உடைவது இத்தகைய சிறு கீறல்களிலிருந்தும் தொடங்கலாம். அந்தத் தண்ணீரை நம்பிக் கீழே நெல் நிற்கிறது.

ஸ்ப்ராக்கெட்டை அடிக்கடி மாற்றி மாட்டுகிறவர்கள் செயின் தளர்வை ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். ஸ்டாண்டில் நிறுத்தி அளந்தால் மட்டும் போதாது. முன் ஸ்ப்ராக்கெட்டின் நடு, ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் சக்கர அச்சு மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். நண்பர் ஒருவரை இருக்கையில் உட்காரவைத்து, தேவையானால் இன்னும் ஒருவர் வால்பகுதியை அமுக்க, அந்த நிலைக்கு வண்டியைக் கொண்டுவாருங்கள். அப்போதும் செயினின் கீழ்ப்பகுதியை விரலால் தூக்கினால் கொஞ்சம் அசைய வேண்டும். அசையவில்லை என்றால் அச்சை முன்னே தளர்த்தி, இரண்டு பக்கக் குறிகளும் ஒரே இடத்தில் நிற்கின்றனவா என்று பார்த்து, பிறகு நட்டை இறுக்குங்கள்.